பாதி தேய்த்த விளக்கு

பட்டறையில் மெருகுச் சக்கரம் சுற்றும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் தம்பி வந்தான். பழைய போர்வையில் சுற்றிய மூட்டை ஒன்றைக் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்திருந்தான். தரையில் குவிந்து கிடந்த பித்தளைக் கைப்பிடிகளையும் குழாய் மூடிகளையும் தாண்டி, கால்சட்டையில் கறை ஒட்டிவிடுமோ என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்து, அக்காவின் மேசையில் மூட்டையை வைத்தான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்க்கா! சும்மா தகதகன்னு இருக்கணும்!" என்று கத்தினான்.

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாரும் இல்லை. சிறிசு முதல் கிழடு வரை எல்லோருக்கும் அவள் பாலீஷக்கா. யாராவது வெற்றுப் பெருமை பேசினால், "போ, பாலீஷக்காகிட்ட குடுத்து இன்னும் கொஞ்சம் தேய்ச்சிட்டு வா" என்று கேலி செய்யும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

போர்வையைப் பிரித்தாள். என்ன இருக்கும் என்று அவளுக்குப் பிரிக்கும் முன்பே தெரியும். முழங்கை உயரப் பித்தளை எண்ணெய் விளக்கு. தட்டுபோல் விரிந்த அடி, கடைசல் பிடித்த தண்டு, தண்டின் மேல் எண்ணெய்க் கிண்ணம். கிண்ணத்தைச் சுற்றி நாலு பக்கமும் நாலு மூக்கு, உச்சியில் தூக்கிப் பிடிக்க ஒரு வளையம். அவள் கை படாத வருடங்களில் எண்ணெய் காய்ந்து, புகை படிந்து, பித்தளையா இரும்பா என்று தெரியாதபடி கறுத்துப் போயிருந்தது. பாட்டனுக்குப் பாட்டன் யாரோ ஒரு கப்பல் தலைவனைச் சாவிலிருந்து காப்பாற்றியதற்குப் பரிசாக வந்தது என்று அப்பா சொல்வார். சித்தப்பா சொன்னபோது அந்தக் கப்பல் தலைவன் நீதிபதியாகிவிட்டான். இரண்டு கதையிலும் பாட்டன் வீரனாகவே இருந்தான். அவனுக்கு ஒரு மனைவி இருந்தாளா என்று இருவருமே சொன்னதில்லை.

"இப்ப எதுக்குடா இது?"

"புது வீட்டுக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வர்றாங்கல்ல. கூடத்துல நுழைஞ்சதும் கண்ல படற மாதிரி ஒரு அலமாரி செஞ்சிருக்கேன். முன்னாடி கண்ணாடி, உள்ள லைட்டு. இனிமே நிரந்தரமா அங்கதான்."

"நிரந்தரமாவா?"

"பின்ன?"

"இது அப்பாவோட சாமான்டா. உனக்கும் அவர்தான் அப்பா, எனக்கும் அவர்தான் அப்பா."

தம்பி சிரித்தான். சின்னக் குழந்தை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"குடும்ப விளக்குக்கா இது. குடும்பத்துலதான இருக்கணும்?"

"அப்ப நான் யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?"

"அப்படிச் சொல்லல. ஆம்பளப் பிள்ளை வழியா வர்றதுன்னு சொல்றேன். பொம்பள கைக்குப் போனா குடும்பமே இருண்டு போயிடும்னு அப்பா சொல்வாரே, மறந்துட்டியா?"

பாலீஷக்கா சக்கரத்தை நிறுத்தினாள். இரைச்சல் அடங்கியதும் பட்டறை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

"நான் அங்க இருந்தவரைக்கும் வாரா வாரம் இதைத் தேய்ச்சது எந்த ஆம்பளை கை?"

தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அந்த வீட்டில் ஒரு நடைமுறை இருந்தது. விளக்கைத் தேய்ப்பது பெண்கள், ஏற்றுவது ஆண்கள். வீட்டுக்கு முக்கியமான விருந்தாளி யாராவது வந்தால் மின்விளக்கை அணைத்துவிட்டு, மேசை நடுவில் இந்த விளக்கை வைத்து, நாலு திரியையும் மகன் கையால் ஏற்ற வைப்பார் அப்பா. அதற்காகச் சிறுமியாக இருந்த அக்கா கொல்லைக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, விரல் நகமெல்லாம் கரி ஏற, அரை நாள் தேய்த்திருப்பாள். தம்பிக்கு மேசை எட்டாது. அவனை இடுப்பில் தூக்கிப் பிடிப்பதும் அவள் வேலைதான். அவன் தீக்குச்சியைக் கிழித்துத் திரியில் வைத்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். யாராவது ஒருவர், "உங்க வீட்டு விளக்கு ஏத்தற பிள்ளை" என்று அவன் கன்னத்தைக் கிள்ளுவார். தூக்கிப் பிடித்தவளின் கை வலியை யாரும் கிள்ளிப் பார்த்ததில்லை.

ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள்: "நான் ஏத்தினா என்னம்மா?"

"பொம்பளப் பிள்ளை கையில நெருப்பைக் குடுத்தா வீட்டையே கொளுத்திடுவா" என்றாள் அம்மா.

"அப்ப தினமும் காலையில அடுப்பு பத்த வைக்கிறது யாரு?"

அந்தக் கேள்விக்கு ஒரு அறை விழுந்தது. உலகத்தில் நிறையக் கேள்விகளுக்கு விடையாக இருப்பது ஒரு அறைதான் என்று அவள் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை.

கல்யாணம் ஆனது. வந்த கணவன் கை நீட்டுகிறவன். முதல் அடியை மன்னித்தாள், இரண்டாவது அடியைத் தடுத்தாள், மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது பெட்டியோடு வாசலில் நின்றாள். பிறந்த வீடு வந்து சேர்ந்த சில மாதங்களில் அப்பா போய்விட்டார். "தம்பிதானே உனக்குத் துணை, அவன் பேருல இருந்தா என்ன, உன் பேருல இருந்தா என்ன" என்று நாலு பேர் சூழ்ந்து நின்று சொல்ல, வீடு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அப்புறம் தம்பிக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அறைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. கடைசியில் அவள் பாய் விரிக்கும் இடத்தில் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வந்து நின்றது. யாரும் போகச் சொல்லவில்லை. இயந்திரத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள்.

பட்டறை மாடியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. கீழே வேலையும் கிடைத்தது. முதலில், "சக்கரத்து முன்னாடி பொம்பளையா? தலைமுடி மாட்டிக்கிட்டா நான் ஜெயிலுக்குப் போகணும்" என்றார் முதலாளி. மறுநாள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். முதலாளி சக்கரத்து முன்னாலிருந்து விலகி வழிவிட்டார்.

இப்போது அந்த மேசைமேல், வாழ்நாளெல்லாம் தேய்த்த அதே விளக்கு.

"சரி, நியாயமாப் பேசுவோம்" என்றாள். "ஆறு மாசம் உன் அலமாரியில இருக்கட்டும். ஆறு மாசம் என் அறையில இருக்கட்டும். வீட்டை விட்டுக் குடுத்தேன்ல? இதை விட்டுக் குடுக்க மாட்டேன்."

"அக்கா, விளையாடாத. விளக்கை எப்படிப் பங்கு போடறது? நடுவுல அறுத்துப் பாதிய எடுத்துக்கிறியா?" தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தபடி வாசலுக்கு நடந்தான். "ஞாயித்துக்கிழமை. மறந்துடாத!"

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு மூக்கு. உச்சி வளையத்திலிருந்து அடித்தட்டு வரை நேராக ஒரு கோடு இழுத்தால் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அறுக்க வேண்டியதே இல்லை என்று கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. வெடித்துவந்த சிரிப்பில் முதலாளி கணக்கு எழுதுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். முழு விளக்கையும் தேய்ப்பதென்றால் பாகம் பாகமாகக் கழற்றி, சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு தானாக இளகி வந்துவிடும். பாதி விளக்கை ஊறப்போட முடியாது. வளையத்தில் தொடங்கி, கிண்ணம் வழியாகத் தண்டில் இறங்கி, அடித்தட்டின் விளிம்பு வரை டேப் ஒட்டினாள். அப்புறம் துணியைச் சோடா நீரில் நனைத்துப் பிழிந்து, தன் பக்கத்தை மட்டும் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மூக்கின் இடுக்கில் கெட்டிப்பட்டிருந்த கரியை மூங்கில் குச்சியால் சுரண்டினாள். கத்தி பட்டால் கீறல் விழும். பிறகு எலுமிச்சைச் சாற்றில் குழைத்த சுண்ணாம்புத் தூள், பிறகு ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி.

முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் பாலீஷக்கா, சக்கரத்துல வச்சா அஞ்சு நிமிஷ வேலை. இது என்ன, சவரக்கடையில பாதி மீசை எடுத்த மாதிரி?"

"சக்கரத்துல வச்சா கடைசல் வரியெல்லாம் மழுங்கிடும் முதலாளி. அதோட, என் பங்கு இவ்வளவுதான்."

"மீதி?"

"அதுக்குச் சொந்தக்காரன் தேய்ப்பான்."

"நல்லாத் தேய்ப்பான்! முழுசாத் தேய்க்கிறதை விடப் பாதி தேய்க்கிறதுக்கு மூணு மடங்கு வேலை பாக்கறியே, உனக்குப் பைத்தியமா?"

"முழுசாத் தேய்ச்சப்பதான் முதலாளி பைத்தியம். இப்பத் தெளிஞ்சிடுச்சு."

தண்டைப் பிடித்துத் தேய்க்கும்போது அவளுடைய இடது கட்டைவிரல் தானாக ஓரிடத்தில் போய் உட்கார்ந்தது. கிண்ணத்துக்குக் கீழே, டேப்புக்கு இந்தப் பக்கம், பித்தளையில் ஒரு சின்னக் குழிவு. கடைசல்காரன் வைத்த குழிவு இல்லை அது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் அழுத்துவார்கள். அம்மா அழுத்தியிருப்பாள். அம்மாவுக்கு முன்னால் அத்தை. அதற்கும் முன்னால், எந்தக் கதையிலும் வராத அந்த வீரனின் மனைவி. சிறு வயதிலிருந்தே அந்தப் பள்ளம் அவள் விரலுக்குத் தெரியும். மூளைக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புது வீட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. கூடத்தில் கண்ணாடி அலமாரி காலியாக, உள்ளே விளக்கு எரிய, மாப்பிள்ளை வராத கல்யாண மேடைபோல் காத்திருந்தது. "வந்துட்டா, வந்துட்டா" என்று தம்பி அவளுக்கு வழிவிடச் சொன்னான். அவள் மூட்டையை மேசைமேல் வைத்துப் போர்வையை எடுத்தாள்.



ஒரு பக்கம் தங்கம், ஒரு பக்கம் கரி. நடுவில் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் ஒரு கோடு.

"என்னக்கா இது?" தம்பியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீதானே கேட்ட, விளக்கை எப்படிப் பங்கு போடறதுன்னு. இப்படித்தான். பளபளன்னு இருக்கறது என் பங்கு. என் பங்கைத் தேய்ச்சுட்டேன். உன் பங்கை நீ தேய்."

"நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கணும்னே வந்தியா?"

"வீட்டை எழுதி வாங்கினப்பவும் நாலு பேர் இருந்தாங்கடா. இதே நாலு பேர்தான். பாரு, எல்லாரும் வந்திருக்காங்க."

அந்த நாலு பேரில் ஒருவர் செருமினார், ஒருவர் கூரையின் வேலைப்பாட்டை ஆராயத் தொடங்கினார். அப்பாவின் தங்கை, அத்தை, மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசைக்கு அருகில் வந்து உட்கார்ந்தாள். விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். அவள் கட்டைவிரல் நேராக அந்தக் குழிவில் போய் நின்றது.

"அடியே, இங்க பாருடி! இது என் விரல்!" என்றாள். "கல்யாணம் பண்ணி அனுப்பறவரைக்கும் நான்தான் தேய்ச்சேன். விளக்கு அண்ணனுக்கு. எனக்கு இடுப்பு வலியை மட்டும் குடுத்து அனுப்பினாங்க."

"அத்தை, நீங்க வேற! இதெல்லாம் ஒரு வேலையா?" என்றான் தம்பி. "தேய்க்கிறது என்ன பெரிய வித்தையா? ரெண்டே நிமிஷம். நானே தேய்ச்சுக் காட்டறேன்!"

விடுவிடுவென்று குளியலறைக்குள் போனான். திரும்பி வந்தபோது அவன் கையில் தரை கழுவும் ஆசிட் பாட்டில் இருந்தது.

"டேய், அதை ஊத்தாத" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியும்!"

குரங்கு கையில் பூமாலை கிடைத்தால் பிய்த்துப் போடும். அதன் கையில் ஆசிட் கிடைத்தால் என்ன செய்யும் என்பதை அன்றைக்குச் சொந்தபந்தம் எல்லாம் கண்ணால் பார்த்தது. விளக்கைக் கழுவு தொட்டிக்கு எடுத்துப் போய், தன் பக்கத்தில் மளமளவென்று ஊற்றினான். புகைந்தது. நெடி தொண்டையைப் பிடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் ஓடினார்கள். கரி போனது உண்மைதான். ஆனால் கரிக்கு அடியிலிருந்து தங்க நிறம் வரவில்லை. சொறி பிடித்த நாயின் தோலைப்போல், திட்டுத் திட்டாக வெளிறிய சிவப்பு வந்தது.

"நீ... நீ ஏதோ தடவி வச்சிருக்க!"

"நான் என் பக்கத்தைத் தாண்டி ஒரு விரல்கூட வைக்கலடா. பித்தளையில துத்தநாகம் இருக்கு. ஆசிட் அதைத் தின்னுடுச்சு, செம்பு மிஞ்சிடுச்சு. வேணாம்னு சொன்னேன்ல."

"சரி பண்ணிக் குடு."

"மாட்டேன்."

அந்த ஒரு சொல் அந்தக் குடும்பத்தில் பெண் வாயிலிருந்து சபை நடுவில் வந்ததை அதுவரை யாரும் கேட்டதில்லை. அத்தை வாயைச் சேலையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"உன் பக்கத்தைச் சரி பண்ண முடியும். தேய்ச்சுக்கிட்டே இருக்கணும், மேல் தோல் மாதிரி படிஞ்ச சிவப்பு போறவரைக்கும். கை வலிக்கும். ஆனா உன் கை வலிக்கட்டும்." சொல்லிக்கொண்டே விளக்கைத் தண்ணீரில் பலமுறை அலசித் துடைத்துப் போர்வையில் வைத்தாள். "முதல் ஆறு மாசம் என்னோட அறையில. தேய்க்கணும்னா அங்க வா."

தம்பி வாசற்படியை மறித்து நின்றான். "வச்சுட்டுப் போ. இதை எடுத்துட்டுப் போனா குடும்பம் இருண்டு போகும்."

"மூணு மாசமா கரண்ட் பில் கட்டாம உன் பழைய வீடு இருண்டுதே, அப்ப இந்த விளக்கு யார்கிட்ட இருந்துது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தம்பியின் காது சிவந்தது. அவன் நகரவில்லை. அவளும் நகரவில்லை. அப்போதுதான் அடுக்களை வாசலில் நின்றிருந்த தம்பியின் மனைவி வாயைத் திறந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"வழிய விடுங்க. அண்ணி எடுத்துட்டுப் போகட்டும்."

"உனக்கென்ன தெரியும்? சும்மா இரு!"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தக் கண்ணாடி அலமாரியில வச்சிட்டா, நாளையிலேர்ந்து வாரா வாரம் இதைத் தேய்க்கப் போறது யாரு?"

"அது... நீதான்."

"அப்ப வழிய விடுங்க."

தம்பி சுற்றிலும் பார்த்தான். கன்னத்தைக் கிள்ளியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. மெல்லத் தோளை ஒருக்களித்தான். "சரி, எடுத்துட்டுப் போய்த் தொலை. குடுத்துட்டேன்னு நினைச்சுக்கறேன்."

வாசற்படியில் கால் வைத்தவள் நின்று திரும்பினாள். "நீ ஒண்ணும் குடுக்கல. நான் என்னோடதை எடுத்துட்டுப் போறேன். தெளிவாச் சொல்லு."

"எடுத்துட்டுப் போ" என்றான். அவள் போர்வையை மூடாமலே, இரண்டு நிற விளக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்தாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "ஏம்மா, வேலை பாதியிலயே நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, இப்பத்தான் பாதி முடிஞ்சிருக்கு" என்றாள்.

சில வாரங்கள் தம்பி அந்தப் பக்கமே வரவில்லை. அவனைப் பற்றிய சேதிகள் மட்டும் வந்தன. அலமாரியில் இப்போது பிள்ளைகள் வாங்கிய ஓட்டப்பந்தயக் கோப்பை இருக்கிறதாம். யார் வீட்டுக்குப் போனாலும், "என்ன, விளக்கைக் குளிப்பாட்டி விட்டியாமே" என்று கேட்கிறார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி எங்கே இருக்கிறது?

ஒருநாள் மாலை, பட்டறை மூடும் நேரத்தில், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவருகில் தம்பி நின்றான். கையில் ஒரு பொட்டலம், உள்ளே எலுமிச்சம்பழங்கள். வாங்கி வந்தவனுக்கு அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் சன்னலோர மேசையிலிருந்து விளக்கை எடுத்துத் தரையில் வைத்தாள். பக்கத்தில் சுண்ணாம்புத் தூள் டப்பாவையும் ஒரு கந்தலையும் போட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான்.

"கையைப் பொறுத்தது."

குந்தி உட்கார்ந்தான். சட்டைக் கையை மடித்தான். தேய்க்கத் தொடங்கினான். முதலில் கோபத்தில் தேய்த்தான், பிறகு மூச்சு வாங்கத் தேய்த்தான், பிறகு சும்மா தேய்த்தான். நகக்கண்ணில் கறுப்பு ஏறியது. நெடுநேரம் கழித்து, அவன் பக்கத்து மூக்கு ஒன்றின் நுனியில், கடுகளவு இடத்தில், மஞ்சள் எட்டிப் பார்த்தது.

"வந்துடுச்சு!" என்றான். "அக்கா, வந்துடுச்சு பாரு!"

அவள் எழுந்து, விளக்கை மேசைக்குத் தூக்கினாள். தன் பக்கத்து இரண்டு மூக்கிலும் திரி இட்டாள், எண்ணெய் ஊற்றினாள், தீக்குச்சியைக் கிழித்து இரண்டையும் ஏற்றினாள். யாரும் அவளைத் தூக்கிப் பிடிக்கத் தேவையிருக்கவில்லை. வீடு கொளுந்துவிட்டு எரியவும் இல்லை. சுடர்கள் அசையாமல் நின்றன. எரியாத இரண்டு மூக்குகளும் சிவந்து கிடந்தன.

தம்பியின் கை, சின்ன வயசுப் பழக்கத்தில், தீப்பெட்டியை நோக்கி நீண்டது.

அவள் தீப்பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"முதல்ல தேய்டா" என்றாள்.